பூத்தும் பிஞ்சு நிற்காதது ஏன்?

இறம்பொடை நீர்வீழ்ச்சியைக் கடந்து நுவரெலியா நோக்கிப் பாதை வளைந்து வளைந்து ஏறும் பகுதியில், தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் பகிர்ந்து கொடுக்கப்பட்ட காணிகளில் சில குடும்பங்கள் வாழ்கின்றன. மண்சரிவு அபாயம் காரணமாகப் பழைய லயத்தை விட்டு வந்தவர்கள் இவர்கள். ஒரு நாள் மாலை நாம் அங்கு சென்றிருந்தபோது, ஒரு தாய் எம்மை வீட்டின் பின்புறம் அழைத்துச் சென்று தமது சுரைப் பந்தலைக் காட்டினார்.

"சாமி, கொடி நல்லாத்தான் ஓடுது. பூவும் வெள்ளை வெள்ளையாப் பூக்குது. ஆனா ஒரு பிஞ்சாவது நிக்கணுமே! மஞ்சளாகி விழுந்துடுது. பழைய எடத்துலயும் இதே விதைதான். அங்க காய் பறிச்சு முடியாது" என்றார்.

அயலவர்கள் கூடிவிட்டார்கள். விதை பழுது என்றார் ஒருவர். தேயிலை நின்ற மண்ணில் வேறொன்றும் விளங்காது என்றார் மற்றொருவர். கண்ணூறு என்றார் ஒரு பாட்டி. மருந்து போதவில்லை என்பது அந்த வீட்டு இளைஞரின் முடிவு. அவர் வாரந்தோறும் வேலை முடிந்து வந்து, மாலை ஐந்தரை மணியளவில் பந்தல் முழுவதும் மருந்து அடித்து வருகிறார். அதற்காகக் கடையில் கடனும் இருக்கிறது.

கீழே விழுந்து கிடந்த பிஞ்சு ஒன்றை எடுத்துக் கத்தியால் பிளந்து பார்த்தோம். புழு இல்லை, தோலில் துளையும் இல்லை. உள்ளே விதைகள் திரளத் தொடங்கவே இல்லை. இது பூச்சி தின்று விழுந்த பிஞ்சு அன்று. மகரந்தம் சேராமல் விழுந்த பிஞ்சு. பூச்சி வந்ததால் வந்த நட்டமல்ல, பூச்சி வராததால் வந்த நட்டம். இதை விளங்கிக்கொண்டால் பல குடும்பங்கள் மருந்துக்குச் செலவிடும் பணத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஆண் பூவும் பெண் பூவும்

சுரைக் கொடியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூ நீண்ட காம்பில் இலைகளுக்கு மேலே எழுந்து நிற்கும். பெண் பூவின் காம்பு குட்டையானது. இதழ்களுக்குக் கீழே, மெல்லிய உரோமம் மூடிய சின்னஞ்சிறு சுரைக்காய் ஒன்று பூக்கும்போதே இருக்கும். அதைப் பார்த்தே பெண் பூ என்று அறிந்துகொள்ளலாம்.

கொடி பூக்கத் தொடங்கும் முதல் ஒன்றிரண்டு வாரங்களில் பெரும்பாலும் ஆண் பூக்களே வரும். அவை காய்க்காமல் உதிர்வது இயல்பு. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. யூரியாவை அளவுக்கு மீறிப் போட்டாலும் கொடி தழைத்து ஓடும். பெண் பூ குறையும். ஆனால் பெண் பூக்கள் வந்த பின்பும் அவற்றின் பிஞ்சுகள் மஞ்சளித்து விழுமானால், ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் குறியை அடையவில்லை என்று பொருள்.

ஒரு சுரைக்காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருப்பதை நாம் அறிவோம். ஒவ்வொரு விதைக்கும் ஒரு மகரந்தமணி வேண்டும். பத்து மணிகள் வந்து விழுந்தால் போதாது. நூற்றுக்கணக்கில் வர வேண்டும். குறைவாக வந்தால் பிஞ்சு விழும். அல்லது ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பிக் கோணலாக வளரும். சுரையின் மகரந்தம் கனமானது, ஒட்டுந்தன்மை உள்ளது. காற்று அதைத் தூக்கிச் செல்லாது. யாராவது சுமந்து செல்ல வேண்டும். சுமப்பவர்கள் பூச்சிகளே.

மாலையில் திறக்கும் கதவு

பூசணிப் பூ விடியற்காலையில் விரியும். வெயில் ஏறியதும் மூடிவிடும். சுரை அப்படியன்று. அதன் பூ மாலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் விரிகிறது. இரவு முழுவதும் திறந்திருந்து, மறுநாள் காலையில் வெயில் ஏற ஏற வாடுகிறது. ஆகவே ஒரு பெண் பூவுக்குக் கிடைப்பது ஓர் இரவும் ஒரு காலையுமே. அதற்குள் மகரந்தம் வந்து சேராவிட்டால் அந்தப் பிஞ்சுக்கு மறுவாய்ப்பு இல்லை.

சுரைப்பூ வெள்ளை நிறமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. இருட்டில் சிவப்பும் ஊதாவும் தெரியாது. வெள்ளை மங்கிய ஒளியிலும் தெரியும். மல்லிகை, புடோல், பவளமல்லி என இரவில் மலரும் பூக்கள் பல வெள்ளையாக இருப்பதைக் கவனித்துப் பாருங்கள். வாசனையும் இருட்டிய பின்னரே மிகும். இரவில் வரும் விருந்தினருக்கு வைத்த விளக்கும் அழைப்பும் இவை.

இரவு வேலையாள்

அந்த விருந்தினருள் முக்கியமானது தடித்த உடலும் ஒடுங்கிய இறகும் கொண்ட பெரிய விட்டில் பூச்சி. நூல்களில் இதைப் பருந்து அந்துப்பூச்சி என்பார்கள். சாதாரண விட்டிலைப் போல இது பூவில் அமராது. பூவின் முன் அந்தரத்தில் நின்று, இறகை வேகமாக அடித்துக்கொண்டே, சுருட்டி வைத்த நீண்ட குழலை நீட்டித் தேனை உறிஞ்சும். சிலர் இருட்டில் இதைக் கண்டு சிறு குருவி என்று நினைப்பதுண்டு. உறிஞ்சும்போது அதன் முகத்திலும் குழலிலும் மகரந்தம் ஒட்டுகிறது. அடுத்த பூவில் அது குறியில் படுகிறது. இப்பூச்சி ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரே இரவில் பல தோட்டங்களைத் தொட்டுச் செல்லும். எனவே தூரத்துக் கொடியின் மகரந்தம் நமது கொடிக்கு வருவது இதனால்தான்.

இவற்றுள் ஒரு வகையின் புழுவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வத்தாளைக் கொடியில் விரல் மொத்தத்தில், வாலில் ஒரு கொம்போடு இருக்கும் பெரிய புழு அது. அது மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். வத்தாளை கிண்டும்போது பழுப்பு நிறத்தில், முன்புறம் குவளையின் கைபிடி போல் வளைந்த ஒன்றோடு அகப்படுவது அதுதான். அந்தக் கைபிடிக்குள் இருப்பது பிற்காலத்தில் சுரைப்பூவில் தேன் உறிஞ்சப்போகும் குழலாகும். வத்தாளையின் சில இலைகளைத் தின்றவனே சுரைக்குக் கூலியில்லாமல் வேலை செய்கிறவன். இனி அகப்பட்டால் நசுக்காமல் மண்ணிலேயே திருப்பிப் புதைத்துவிடுங்கள்.

பகல் வேலையாள்

விடிந்ததும் பூ இன்னும் வாடாமல் இருக்கிறது. அப்போது தேனீக்கள் வருகின்றன. பொந்துகளிலும் கல்லிடுக்குகளிலும் அடுக்கடுக்காகக் கூடு கட்டும் சிறு தேனீ, கொசுவின் அளவேயான கொட்டாத தேனீ, மரத்தைத் துளைத்து வாழும் கருவண்டு ஆகியன நமது பகல் வேலையாட்கள். இவை மகரந்தத்தைத் தமது குஞ்சுகளுக்கு உணவாகச் சேகரிப்பவை. ஆகவே அருகருகே உள்ள பூக்களில் மீண்டும் மீண்டும் இறங்கும். இரவில் குறைவாக விழுந்த இடத்தைக் காலையில் இவை நிரப்புகின்றன.

இரண்டு வேளையும் வேலை செய்யக்கூடிய ஒருவரும் இருக்கிறார். உயர்ந்த மரக் கிளையிலும் பாறை முகட்டிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் பெரிய தேனீ. சிங்களத்தில் பம்பரா என்பார்கள். தோட்டங்களில் நாம் குளவி என்று பொதுவாகச் சொல்வதில் பல வேளைகளில் அடங்குவது இதுவே. நிலவு வெளிச்சம் உள்ள இரவுகளில் இத்தேனீ பறந்து தேன் சேகரிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி உயிரிழந்தவர்கள் நம்மிடையே உண்டு. ஆகவே கூட்டின் அருகே செல்ல வேண்டாம். பிள்ளைகள் கல்லெறிய விடவும் வேண்டாம். ஆனால் வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் எட்டாத உயரத்தில், காட்டோரத்தில் இருக்கும் கூட்டைத் தேடிச் சென்று எரிப்பதால் நமக்கே நட்டம்.

ஒருவர் போதாதா?

பகலில் தேனீ வருகிறதே, இரவுப் பூச்சி எதற்கு என்று கேட்கலாம். தோட்டத்தில் கொழுந்து பறிப்பது பகல் வேலை. பறித்த கொழுந்து ஸ்டோரில் இரவு முழுவதும் வாட வேண்டும். ஒன்று நின்றால் மற்றது வீண். சுரைக்கும் அவ்வாறே, பகலுக்கு ஒரு பேர், இரவுக்கு ஒரு பேர்.

நமது மலையின் காலநிலையை எண்ணிப் பார்ப்போம். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடியுடன் மழை கொட்டும். அத்தகைய நாட்களில் இரவுப் பூச்சி வெளியே வருவது குறைவு. மறுநாள் காலைத் தேனீயே துணை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் காலையும் மூட்டமாக இருக்கும்; தேனீ கூட்டை விட்டுக் கிளம்பாது. அந்நாட்களில் மழை விட்டிருக்கும் சில மணி நேரம் எதுவோ, அப்போது யார் வருகிறாரோ அவரே காய் தருபவர். இரண்டு பேரும் இருந்தால் ஒருவர் தவறினாலும் பயிர் தப்பும்.

இதற்கு வெளிநாட்டு ஆதாரமும் உண்டு. சுவிட்சர்லாந்தில் முன்னர் இரவு வெளிச்சமே படாத புல்வெளிகளில் தெருவிளக்குகளை நட்டு ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2017ஆம் ஆண்டு 'நேச்சர்' சஞ்சிகையில் வெளிவந்தது. விளக்கு எரிந்த இடங்களில் பூக்களைத் தேடி வந்த இரவுப் பூச்சிகளின் வருகை 62 வீதம் குறைந்தது. அங்கிருந்த ஒரு வகை முட்செடியில் காய்ப்பு 13 வீதம் குறைந்தது. அச்செடிக்குப் பகலில் ஏராளமான பூச்சிகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆயினும் இரவில் இழந்ததைப் பகலால் ஈடுசெய்ய முடியவில்லை.

புதிய குடியிருப்புகளில் பாதுகாப்புக்காக வீட்டின் பின்புறம் விளக்கை விடியும் வரை எரிய விடுகிறோம். பந்தலும் அங்குதான் இருக்கிறது. விட்டில் பூவுக்குப் போகாமல் விளக்கைச் சுற்றியே விடிய விடியப் பறந்து சாகிறது. விளக்கைப் பந்தலின் மறுபக்கமாகத் திருப்பினாலே போதும். தேவையில்லாதபோது அணைத்தால் மின்கட்டணமும் குறையும்.

புதிய இடத்தில் ஏன் இந்தக் குறை?

பழைய இடத்தில் காய்த்த அதே விதை புதிய இடத்தில் காய்க்காததற்கு விடை இங்கேதான் இருக்கிறது. நாம் விதையைக் கொண்டுவந்தோம், வேலையாட்களைக் கொண்டுவரவில்லை. கொண்டுவரவும் முடியாது.

லயத்தின் பின்னால் பல தலைமுறைகளாக இருந்த வாழை, பப்பாளி, வேலிச் செடிகள், ஓடைக்கரைப் புதர்கள் ஆகியவற்றில் அவை வாழ்ந்தன. புதிய காணியோ தேயிலைக்கு நடுவே வெட்டிய வெறும் நிலம். தேயிலை பூக்காத செடியன்று. கொழுந்து பறிக்காமல் விட்டால் வெள்ளைப் பூக்கள் நிறையப் பூக்கும், தேனீயும் மொய்க்கும். ஆனால் வாரம் ஒருமுறை பறித்துக்கொண்டே இருப்பதால் அது பூப்பதற்கு இடமேயில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாகத் தெரியும் மலை, தேனீயின் கண்ணுக்கு உணவில்லாத வெளி. நிழல் மரங்களான முருக்கையும் கிளை வெட்டி வெட்டிப் பூக்க விடுவதில்லை.

இடம்பெயர்ந்த எல்லோருக்கும் இது பொதுவானது. இறம்பொடையிலிருந்து கீழே பார்த்தால் தெரியும் கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக, 1979 தொடங்கி 1985 வரையான காலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தமது வயலையும் வளவையும் விட்டுப் போயின. சிலர் தூரத்து மகாவலிக் குடியேற்றங்களுக்கும், சிலர் மேட்டுத் தேயிலைக் காணிகளுக்கும் சென்றார்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு ஏற்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாடெங்கும் மண்ணைச் சரித்தது. ஒவ்வொரு முறையும் மனிதருக்கு வீடும் காணியும் தேடுகிறார்கள். பூச்சிகளும் இடம்பெயர்ந்தன என்பது எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

சுரையும் இடம்பெயர்ந்த பயிர்தான்

ஒரு நம்பிக்கைக்குரிய செய்தியும் உண்டு. சுரையின் தாயகம் ஆபிரிக்கா. காய்ந்த சுரைக்காய் பல மாதங்கள் கடல் நீரில் மிதந்தாலும் உள்ளே விதை சாவதில்லை. இவ்வாறு ஆசியாவுக்கும் அமெரிக்கக் கண்டத்துக்கும் அது பரவியிருக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் அதைப் பாத்திரமாகப் பயன்படுத்தினர். போன இடமெல்லாம் அந்தந்த மண்ணின் இரவுப் பூச்சியையும் பகல் தேனீயையும் அது துணையாக்கிக்கொண்டது. இரு வேளையும் கதவைத் திறந்து வைத்ததே அதன் பலம். ஆகவே நமது புதிய காணியிலும் அதற்குத் துணை கிடைக்கும். அதுவரை நாம் இடைஞ்சல் செய்யாதிருக்க வேண்டும். கொஞ்சம் கைகொடுக்கவும் வேண்டும்.

மருந்து அடிக்கும் நேரம்

"தேனீக்குத் தீங்கு வராமல் மாலையில் மருந்து அடியுங்கள்" என்ற அறிவுரையைப் பலரும் கேட்டிருப்போம். பூசணிக்கும் பாகலுக்கும் வெள்ளரிக்கும் அது சரி. அவற்றின் பூக்கள் காலையில் விரிபவை. சுரை, புடோல், பீர்க்கு ஆகிய மூன்றுக்கும் அது முற்றிலும் தவறு. அவற்றின் பூ விரியும் நேரமே மாலைதான். ஐந்தரை மணிக்கு அடிக்கும் மருந்து அப்போதுதான் விரியும் பூவின் வாய்க்குள் விழுகிறது. அன்றிரவு வரும் விட்டிலும் மறுநாள் காலை வரும் தேனீயும் அதையே தொடுகின்றன. அந்த இளைஞர் நல்லதென்று எண்ணித் தமது வேலையாட்களையே விரட்டிக்கொண்டிருந்தார்.

எனவே பூக்கும் காலத்தில் மருந்தைத் தவிர்ப்பதே நல்லது. சில மருந்துகள் செடியின் சாற்றில் கலந்து பூந்தேனிலும் வந்துவிடும். அவற்றை எந்த நேரத்தில் அடித்தாலும் ஆபத்தே. வாங்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் பெயரைக் காட்டிக் கேளுங்கள்.

இலையைத் தின்னும் சிவப்பு வண்டு காலைக் குளிரில் சோம்பி இருக்கும். அந்நேரம் கையால் பிடித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடலாம். பனி ஈரம் இருக்கும்போது இலையில் அடுப்புச் சாம்பல் தூவலாம். பூவில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஞ்சில் ஊசி குத்தியது போன்ற துளையும் பிசினும் கண்டால், உள்ளே வெள்ளைப் புழு இருந்தால், அது பழ ஈயின் வேலை. அத்தகைய பிஞ்சுகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். நின்ற பிஞ்சுகளைக் கடதாசிப் பையால் மூடிக் காக்கலாம்.

நமது கையே பூச்சியாக

வேலையாட்கள் வரும்வரை காத்திருக்கும் நாட்களில் நாமே அவ்வேலையைச் செய்யலாம். இதைக் கண்டறிந்தவருள் ஒருவரின் கதையைக் கேளுங்கள். வனிலாக் கொடி மெக்சிக்கோவுக்கு உரியது. இந்து சமுத்திரத்தில் உள்ள ரீயூனியன் தீவுக்கு அதைக் கொண்டுபோய் நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. அதன் சொந்த ஊர்ப் பூச்சி அங்கு இல்லை. 1841ஆம் ஆண்டில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், ஒரு சிறு குச்சியாலும் பெருவிரலாலும் பூவின் மகரந்தத்தைக் குறியோடு சேர்க்கும் வழியைக் காட்டினான். இன்றும் உலகெங்கும் வனிலாத் தோட்டங்களில் பின்பற்றப்படுவது அந்த வழியே. பெரும் செல்வத்தை உண்டாக்கிய அவர் 1848இல் அடிமைத்தளை நீங்கினாலும், 1880இல் வறுமையிலேயே இறந்தார். நமது முன்னோரைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் தீவு அது. கூர்ந்து பார்க்கும் கண்ணுக்குப் பட்டமும் காணியும் வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சுரைக்கு வேலை இன்னும் எளிது:

1. மாலை ஆறு மணிக்குப் பின், பூ விரிந்ததும் செல்லுங்கள். இருட்டினால் டோர்ச் போதும்.

2. அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறியுங்கள். நடுத்தண்டை விரலால் தொட்டால் மா போல் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வேறு பூ எடுங்கள்.

3. அதன் இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவே உள்ள குறியின் எல்லாப் பக்கமும் படுமாறு மெதுவாகத் தடவுங்கள். அழுத்த வேண்டாம். ஓர் ஆண் பூ ஒன்றிரண்டு பெண் பூக்களுக்குப் போதும். வேறு கொடியின் ஆண் பூ கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் அதே கொடியினதும் உதவும்.

4. தடவிய பூவின் காம்பில் நிற நூல் ஒன்றைத் தளர்வாகக் கட்டுங்கள். மழை வரும் போலிருந்தால் வாழையிலைத் துண்டு ஒன்றைக் குடை போல் மேலே செருகுங்கள்.

5. மாலை முடியாவிட்டால் மறுநாள் காலை ஏழு மணிக்குள் செய்யலாம். நான்கைந்து நாளில் பிஞ்சு பருத்துக் காம்பு கீழே வளையத் தொடங்கினால் வெற்றி.

பூசணிக்கு இதையே காலை ஆறு மணி தொடக்கம் எட்டு மணிக்குள் செய்ய வேண்டும். புடோலுக்கும் பீர்க்குக்கும் மாலையிலேயே செய்ய வேண்டும். வாழைக்கு இந்தக் கவலை இல்லை. வாழைப் பூவுக்குப் பகலில் தேன்சிட்டும் இரவில் வௌவாலும் வந்து போனாலும், நாம் நடும் வாழை மகரந்தம் சேராமலே காய்க்கும். அதில் விதை இல்லாததும் அதனால்தான்.

வேலையாட்களைக் குடியமர்த்துவோம்

கையால் செய்வது ஒரு பருவத்துக்கு உதவும். ஊர் முழுவதும் நிரந்தரமாகக் காய்க்க வேண்டுமானால் பூச்சிகளைக் குடியமர்த்த வேண்டும். இதற்குப் பெருஞ்செலவு இல்லை.

இரவுப் பூச்சிக்காக வீட்டோரம் அந்திமந்தாரையும் மல்லிகையும் நடுங்கள். பப்பாளிக்கு மகரந்தம் சேர்ப்பதும் இந்தப் பெரிய விட்டில்களே. ஆகவே காய்க்காத ஆண் பப்பாளியை வெட்டுமுன் ஒருமுறை யோசியுங்கள். வத்தாளைப் பாத்தியில் ஒரு மூலையைப் புழுவுக்கென விட்டுவிடுங்கள்.

பகல் தேனீக்காக வேலியில் காட்டுச் சூரியகாந்தியும் கிளிசரிடியாவும் நடலாம். அவற்றின் தழை பசளையாகவும் உதவும். கிரவிலியா மரம் ஒன்றிரண்டையாவது கிளை வெட்டாமல் பூக்க விடுங்கள். துளசி, கொத்தமல்லி, கடுகு போன்றவற்றில் சிலவற்றைப் பறிக்காமல் பூக்க விட்டால் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று பூத்திருக்கும். கிராமங்களில் பழைய மண்முட்டியைக் கவிழ்த்து வைத்துச் சிறு தேனீயைக் குடியேற்றும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. முறையாகப் பழக விரும்புபவர்கள், பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவயிலுள்ள விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவைப் பற்றித் தமது விவசாயப் போதனாசிரியரிடம் விசாரிக்கலாம்.

ஒரு வீடு மட்டும் இதைச் செய்து பயனில்லை. தேனீக்கு நமது ஏழு பேர்ச் எல்லை தெரியாது. நான் மருந்தை நிறுத்தி, பக்கத்து வீட்டார் மாலையில் அடித்தால் இருவருக்கும் காய் இல்லை. ஆகவே பூக்கும் மாதங்களில் எந்த நேரத்தில் மருந்து அடிப்பதில்லை என்பதை வரிசையிலுள்ள வீட்டார் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுங்கள். சங்கக் கூட்டத்தில் அரை மணி நேரம் போதும்.

அந்தத் தாயின் பந்தலுக்கு வருவோம். அன்று மாலை நாம் திரும்பு முன்னரே இரண்டு பெண் பூக்கள் விரிந்தன. அவரது மகள் டோர்ச்சைப் பிடிக்க, தாய் ஆண் பூவை எடுத்துத் தடவினார். மறுநாள் மேலும் இரண்டு பூக்களுக்குச் செய்தார்களாம். நான்கு நூல்கள். இரண்டு பிஞ்சுகள் விழுந்தன, இரண்டு நின்றன. மருந்துப் போத்தல் அலுமாரிக்கு மேல் ஏறிவிட்டது. அடுத்த முறை நாம் சென்றபோது ஒரு காயைக் குரங்கு கொண்டுபோய்விட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எஞ்சிய ஒன்றைச் சமைக்க மனம் வரவில்லை. பந்தலிலேயே முற்ற விட்டிருக்கிறார்கள். "விதைக்கு வேணும் சாமி. இந்த மண்ணுல பொறந்த விதை" என்றார் அந்தத் தாய்.

அப்போது இருட்டத் தொடங்கியிருந்தது. புதிதாக விரிந்த ஒரு பூவின் முன் ஏதோ ஒன்று வந்து அந்தரத்தில் நின்றது. மகள் டோர்ச்சை அணைத்தாள். நாமும் பேச்சை நிறுத்தினோம்.